பந்தயத்துக்குப் போகாத முதலாளி, பேப்பரைத் தவறவிடாத முதலாளி: என்சோ ஃபெராரி செய்தியை ஆண்ட கதை

ஃபார்முலா 1 பந்தயம் முடிந்ததும் டிவியில் வரும் காட்சியைக் கவனித்திருப்பீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றிய டிரைவர் மைக்குகளை நோக்கி நடந்து வருவார். அவருக்கு ஓர் அடி பின்னால், அணியின் டி-ஷர்ட் போட்ட ஒருவர் கையில் சின்ன ரெக்கார்டரோடு நிற்பார். கேமரா அவரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கேள்வி ஏடாகூடமாகப் போனால் அவர் முகம் லேசாக மாறும். நேரம் முடிந்ததும் டிரைவரை அடுத்த மைக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவர்தான் அணியின் பிரஸ் ஆபீசர்.

டிரைவர் எப்போது பேச வேண்டும், யாரிடம் பேச வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும், கார் பாதியில் நின்றுபோன அன்று அறிக்கையில் என்ன காரணம் எழுத வேண்டும்... எல்லாமே இவர் தலையில். இன்று ஒவ்வொரு பெரிய அணியிலும் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. சோஷியல் மீடியா, வீடியோ, ஸ்பான்சர் நிகழ்ச்சிகள் என்று வேலை பெருகிவிட்டது.

ஆனால், இந்த வேலையின் சூட்சுமங்களை எல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கரைத்துக் குடித்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர்தான் காரின் பெயர்: என்சோ ஃபெராரி. 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி', 'ஃபெராரி' ஆகிய ஹாலிவுட் படங்கள் மூலம் அவரைக் கறுப்புக் கண்ணாடி போட்ட கறாரான முதலாளியாக நமக்குத் தெரியும். அவருக்குள் ஒரு பத்திரிகைக்காரர் ஒளிந்திருந்தது பலருக்குத் தெரியாது. அவர் எப்படிச் செய்தியை ஆண்டார், அதற்கு என்ன விலை கொடுத்தார்? பார்க்கலாம்.

16 வயதில் பெயர் அச்சேறியது

இத்தாலியின் மொடேனா நகரில் 1898 பிப்ரவரி 18 அன்று பிறந்தார் என்சோ. அன்று கடும் பனி. பிறப்பைப் பதிவு செய்ய வீட்டிலிருந்து கிளம்பவே முடியாமல், 2 நாள் கழித்து பிப்ரவரி 20 என்றுதான் பதிவானதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்பா ஆல்ஃப்ரெடோ உலோகப் பட்டறை வைத்திருந்தார். 1908-ல் பொலோன்யாவில் நடந்த கார் பந்தயத்துக்கு அப்பா கூட்டிப்போனார். ஃபெலிசே நட்சாரோ ஜெயித்ததை 10 வயதுப் பையன் வாய் பிளந்து பார்த்தான்.

சிறுவயதில் என்சோவுக்கு 3 கனவுகள். ஆபரா பாடகர் ஆக வேண்டும், விளையாட்டுச் செய்தியாளர் ஆக வேண்டும், கார் பந்தய வீரர் ஆக வேண்டும். பாடும் குரல் அமையவில்லை. இரண்டாவது கனவு மட்டும் சீக்கிரமே கொஞ்சம் பலித்தது. 1914 நவம்பரில் மொடேனா அணியை இன்டர் மிலன் 7-1 என்று துவம்சம் செய்த கால்பந்து ஆட்டத்தைப் பற்றி அவர் எழுதிய செய்தி 'கசெட்டா டெல்லோ ஸ்போர்ட்' பத்திரிகையில் வந்தது. அப்போது அவருக்கு வயது 16.

அதன் பிறகு வாழ்க்கை வேகமாகத் தலைகீழானது. 1916-ல் அப்பாவும் அண்ணனும் ஒரே வருடத்தில் இறந்துபோனார்கள். முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தவருக்குக் கிடைத்த வேலை, கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடிப்பது. அங்கேயும் நோய்வாய்ப்பட்டு வெளியே வந்தார். 1918 குளிர்காலத்தில் டூரின் நகரில் ஃபியட் கம்பெனியின் வாசல் ஏறி வேலை கேட்டார். இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்துப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து தனியாக அழுதார் என்பது அவர் தன் வாழ்க்கைக் கதையில் திரும்பத் திரும்பச் சொன்ன காட்சி.

ஓடாத பந்தயம்

1919-ல் சி.எம்.என். என்ற சிறிய கம்பெனியின் காரை ஓட்டி முதல் பந்தயத்தில் இறங்கினார். அடுத்த வருடம் ஆல்ஃபா ரோமியோ அணியில் சேர்ந்து, சிசிலியில் நடக்கும் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் 2-ம் இடம் பிடித்தார். ஓட்டுநராக அவர் சுமார் ரகம் கிடையாது. அதே நேரம் அந்தக் காலத்து ஜாம்பவான்களின் வரிசையிலும் அவர் இல்லை.

1923-ல் ராவென்னாவில் ஜெயித்தபோது, போரில் இறந்த விமானி பிரான்செஸ்கோ பரக்காவின் அப்பாவைச் சந்தித்தார். பிறகு பரக்காவின் அம்மா, மகனின் விமானத்தில் இருந்த துள்ளும் குதிரைச் சின்னத்தைக் காரில் போட்டுக்கொள்ளச் சொன்னார் என்பது என்சோ சொன்ன கதை. குதிரைக்குப் பின்னால் மொடேனாவின் மஞ்சள் நிறத்தைச் சேர்த்தார். போர் நாயகனின் சின்னம், ஒரு தாயின் ஆசி, சொந்த ஊரின் நிறம். ஒரு சின்ன லோகோவுக்குள் இவ்வளவு கதை இருந்தால் எந்தப் பத்திரிகை எழுதாமல் இருக்கும்?

1924-ல் பிரான்ஸின் லியோன் நகரில் பெரிய கிராண்ட் பிரி பந்தயம். ஆல்ஃபா ரோமியோவுக்காக ஓட்ட வேண்டியவர், பயிற்சிக்குப் பிறகு பந்தயத்தில் இறங்காமலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார். உடம்பு சரியில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. நரம்புத் தளர்ச்சியா, பயமா, வேறு ஏதாவதா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். தன் வாழ்க்கையின் சங்கடமான பக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடும் பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

அணியும் நமதே, அச்சும் நமதே

1929 நவம்பரில் மொடேனாவில் 'ஸ்குடேரியா ஃபெராரி' தொடங்கியது. ஸ்குடேரியா என்றால் குதிரை லாயம். ஆல்ஃபா ரோமியோ கார்களை வாங்கி, பணக்கார இளைஞர்களையும் தொழில்முறை வீரர்களையும் வைத்து ஓட்டும் அணி இது. 1931-ல் தன் கடைசிப் பந்தயத்தை ஓட்டிவிட்டு, அடுத்த ஜனவரியில் மகன் டினோ பிறக்கும் நேரத்தில் ஓட்டுவதையே விட்டுவிட்டார் என்சோ.

இங்கேதான் பழைய செய்தியாளர் வெளியே வருகிறார். அணி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே தங்கள் பந்தயங்களின் வரலாற்றை ஸ்குடேரியாவே புத்தகமாக அச்சிட ஆரம்பித்தது. பிறகு அணிக்கென்று சொந்தப் பத்திரிகையும் வந்தது. படங்கள், வெற்றிப் பட்டியல், டயர் கம்பெனி விளம்பரம் எல்லாம் அதில் இருக்கும். ஸ்பான்சர்களுக்கு அதை அனுப்பலாம், செய்தியாளர்களும் அதிலிருந்தே தகவல் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய அணிகளின் யூடியூப் சேனலும் மீடியா கிட்டும் செய்யும் அதே வேலையை, 1930-களில் காகிதத்தில் செய்திருக்கிறார்கள்.

1939-ல் ஆல்ஃபாவுடன் உறவு முறிந்தது. 4 ஆண்டுகளுக்கு ஸ்குடேரியா ஃபெராரி என்ற பெயரைப் பந்தயத்தில் பயன்படுத்தக் கூடாது என்பது பிரிவின் நிபந்தனை. பெயரின் மதிப்பு ஆல்ஃபாவுக்கும் தெரிந்திருந்தது. போர்க் காலத்தில் தொழிற்சாலை மரனெல்லோவுக்கு மாறியது, குண்டுவீச்சில் சேதமானது. 1947-ல் ஃபெராரி என்ற பெயரிலேயே முதல் கார் வெளியே வந்து, அதே மே மாதம் ரோமில் முதல் வெற்றியும் பெற்றது. 1951-ல் சில்வர்ஸ்டோனில் ஃபெராரி தன் பழைய வீடான ஆல்ஃபா ரோமியோவைத் தோற்கடித்தபோது, தாயைக் கொன்றுவிட்டது போல் அழுததாகச் சொன்னார் என்சோ. மறுநாள் பத்திரிகையில் தலைப்பாகப் போடும் அளவுக்குக் கனமான ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

1952, 1953 என அல்பெர்த்தோ அஸ்காரி அடுத்தடுத்து உலக சாம்பியன். ஃபெராரி உச்சத்தில் இருந்தது.

சவப்பெட்டிகளின் வருடங்கள்

அதன் பிறகு வந்த வருடங்களைப் படிப்பவருக்கு மூச்சு முட்டும். 1955 மே மாதம் மோன்ட்சாவில் ஒரு ஃபெராரி காரைச் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தபோது அஸ்காரி இறந்தார். 1956 ஜூன் 30 அன்று தசைச் சிதைவு நோயால் மகன் டினோ இறந்தார். வயது 24. 1957 மார்ச்சில் மொடேனா டிராக்கில் யூஜெனியோ கஸ்டெலோட்டி இறந்தார்.

2 மாதம் கழித்து, 1957 மே 12. பொதுச் சாலைகளில் சுமார் ஆயிரம் மைல் ஓடும் மில்லே மில்யா பந்தயம். முடிவுக்கோடு நெருங்கிய நேரத்தில் அல்ஃபோன்சோ டி போர்தாகோவின் ஃபெராரியில் டயர் வெடித்தது. கார் சாலையோரம் நின்ற கூட்டத்துக்குள் பாய்ந்தது. போர்தாகோ, அவருடன் வந்த எட்மண்ட் நெல்சன், வேடிக்கை பார்க்க வந்த 9 பேர் இறந்தார்கள். அந்த 9 பேரில் 5 பேர் குழந்தைகள். அதே பந்தயத்தில் முதலிடம் வந்ததும் ஒரு ஃபெராரிதான். அந்த வெற்றியை யாரும் கொண்டாடவில்லை.

கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக என்சோ மீது வழக்குப் போட்டார்கள். அது 4 வருடம் இழுத்து 1961-ல் விடுதலையில் முடிந்தது. அதற்குள் 1958 ஜூலையில் லூயிஜி முஸ்ஸோ, ஆகஸ்டில் பீட்டர் காலின்ஸ் என்று இன்னும் 2 ஃபெராரி வீரர்கள் பந்தயத்திலேயே போய்விட்டார்கள். வாடிகனின் நாளிதழே அவரை, பெற்ற பிள்ளைகளைத் தின்னும் ரோமானியப் புராணக் கடவுள் சாட்டர்னுடன் ஒப்பிட்டது. கத்தோலிக்க இத்தாலியில் இதைவிடப் பெரிய அடி இருக்க முடியுமா?

1961 செப்டம்பரில் மோன்ட்சாவில் ஜெர்மன் வீரர் வோல்ஃப்காங் வான் டிரிப்ஸின் கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. அவரும் பார்வையாளர்கள் 15 பேரும் இறந்தார்கள். அதே நாளில் ஃபெராரியின் இன்னொரு வீரர் ஃபில் ஹில் உலக சாம்பியன் ஆனார். அமெரிக்கரான அவர், சாம்பியனாகத் தன் சொந்த நாட்டுப் பந்தயத்தில் ஓட்டும் வாய்ப்பே இல்லாமல் போனது. ஃபெராரி அந்தக் கடைசிப் பந்தயத்துக்குக் கார்களையே அனுப்பவில்லை.

இன்று எந்த அணியிலாவது இப்படி ஒரு விபத்து நடந்தால் பிரஸ் ஆபீசரின் முதல் வேலை, உறுதியான தகவல் வரும்வரை யாரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வது. குடும்பத்துக்குச் சொன்ன பிறகுதான் உலகத்துக்கு. 1950-களில் இப்படி எழுதி வைத்த நடைமுறை எதுவும் கிடையாது. செய்தியாளர்கள் நேராக மரனெல்லோ வாசலுக்கு வந்து நின்றார்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒரே ஒருவர்தான்.

தன் கதையைத் தானே எழுதினார்

1961 முடிவில் அணியின் மூத்த பொறியாளர்களும் மேலாளர்களும் கூட்டமாக வெளியேறினார்கள். கம்பெனி விவகாரங்களில் மனைவி லாராவின் தலையீடு அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 26 வயது மௌரோ ஃபோர்கியேரியிடம் தொழில்நுட்பப் பொறுப்பைக் கொடுத்தார் என்சோ.

1962-ல் என்சோவின் சுயசரிதை வெளிவந்தது. அதன் பெயரையே, 'என் பயங்கர மகிழ்ச்சிகள்' என்ற பொருள்படும்படி வைத்தார். வழக்கு, வாடிகன், வெளியேறியவர்கள் என்று நாலா பக்கமும் அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. பூங்கா பெஞ்சில் அழுத இளைஞன், மகனை இழந்த அப்பா, ஓட்டுநர்களை நேசித்த முதலாளி என்று தன் படத்தைத் தானே வரைந்து கொடுத்தார். இன்றுவரை அவரைப் பற்றி எழுதுபவர்கள் அந்தப் புத்தகத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு வகையில் அவர் எழுதிய மிக நீண்ட பத்திரிகை அறிக்கை அதுதான்.

இந்தக் காலத்தில்தான் பிராங்கோ கோசி என்ற மொடேனாக்காரர் அவர் பக்கத்தில் வந்தார். செயலாளர், பத்திரிகைத் தொடர்பாளர், சில காலம் பந்தய அணியின் மேலாளர் என்று பல பத்தாண்டுகள் கூடவே இருந்தவர். பிரஸ் ஆபீசர் என்பதற்கு ஃபெராரியில் ஒரு முகம் உண்டென்றால் அது கோசிதான். ஆனால், அவர் வேலை சற்று விசித்திரமானது. மற்ற அணிகளில் பிரஸ் ஆபீசர் முதலாளிக்குப் பத்திரிகை உலகத்தைப் புரியவைப்பார். இங்கே முதலாளிக்கே அது அத்துப்படி. முதலாளியின் மனநிலையைப் பத்திரிகை உலகத்துக்குப் புரியவைப்பதுதான் கோசியின் வேலை.

1963-ல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் ஃபெராரியை வாங்கப் பேசியது. கையெழுத்துப் போடும் நேரத்தில், பந்தயச் செலவு விஷயத்தில் தனக்கு முழு உரிமை இல்லை என்று என்சோ கண்டுபிடித்தார். தனக்கே உரிய ஊதா மை பேனாவால் அந்த இடத்தில் கோடு போட்டு, கத்தித் தீர்த்துவிட்டு, கோசியைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்று கோசி பிறகு விவரித்திருக்கிறார். பேச்சு முறிந்தது. அமெரிக்க யானையைத் திருப்பி அனுப்பிய இத்தாலியக் கைவினைஞர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. ஃபோர்டு 1966-ல் லெ மான் பந்தயத்தில் முதல் 3 இடங்களையும் அள்ளிப் பழிதீர்த்தது. 1969-ல் கம்பெனியில் பாதியை வாங்கிக்கொண்டது ஃபியட். அன்று வாசலிலேயே திருப்பி அனுப்பிய அதே ஃபியட். பந்தயப் பிரிவின் கட்டுப்பாடு மட்டும் என்சோவிடமே இருந்தது.

காரே அறிக்கை

என்சோவின் தினசரி வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலையில் பத்திரிகைகளில் ஃபெராரி பற்றி வந்ததைப் படிப்பார். பந்தயங்களுக்குப் போக மாட்டார். மோன்ட்சாவில் பயிற்சி நாளில் வந்து தலைகாட்டுவார், பந்தயத்தன்று டிவி முன்னால் இருப்பார். இதனால் ஒரு லாபம் உண்டு. தோற்ற அன்று அவர் முகத்தை எந்தக் கேமராவாலும் பிடிக்க முடியாது. அவர் கருத்து வேண்டுமானால் மரனெல்லோவுக்குத்தான் வர வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை செய்தியாளர்களைக் கூட்டி மணிக்கணக்கில் பேசுவார், கேலி செய்வார், கோபப்படுவார். வந்தவர்களுக்கு ஒரு வாரம் எழுதச் சரக்கு கிடைக்கும். 1970-களில் பத்திரிகையாளர்களைப் பற்றியே கிண்டலாக ஒரு சின்னப் புத்தகமும் எழுதினார்.

வார்த்தை தேவைப்படாத இடத்தில் காரையே பேச வைத்தார். 1964-ல் தன் புதிய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பந்தய அங்கீகாரம் கிடைக்காத விஷயத்தில் இத்தாலிய ஆட்டோமொபைல் கிளப் தனக்குத் துணை நிற்கவில்லை என்று கோபம். அந்த வருடக் கடைசி 2 பந்தயங்களில் ஃபெராரி கார்கள் இத்தாலியின் சிவப்பில் ஓடவில்லை. அமெரிக்க அணியின் பெயரில் நீலமும் வெள்ளையுமாக ஓடின. ஜான் சர்டீஸ் உலக சாம்பியன் ஆனது அந்த நீல-வெள்ளைக் காரில்தான். எந்த அறிக்கையும் அந்தப் புகைப்படத்தைவிடச் சத்தமாகப் பேசியிருக்காது.

1980-களின் நடுவில் 8 சிலிண்டர் எஞ்சின்களை மட்டுமே அனுமதிக்கலாம் என்ற யோசனை ஃபார்முலா 1-ல் எழுந்தது. 12 சிலிண்டர் என்பது ஃபெராரியின் அடையாளம். உடனே மரனெல்லோவில் அமெரிக்க இண்டி பந்தயத்துக்கான கார் ஒன்று தயாரானது. எங்களை நெருக்கினால் அமெரிக்காவுக்குப் போய்விடுவோம் என்ற மிரட்டல் அது. விதி தளர்ந்தது, 12 சிலிண்டர் பிழைத்தது. அந்தக் கார் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. ஓட வேண்டிய தேவையும் இல்லை.

ஆள் எடுப்பதிலும் அவர் காது ஊடகத்தின் பக்கம்தான். ரேடியோ நிகழ்ச்சி ஒன்றில் கார் பந்தயத்தை ஆவேசமாக ஆதரித்துப் பேசிய இளைஞர் ஒருவரைக் கேட்டுப் பிடித்துப்போய் அழைத்தார் என்று சொல்வார்கள். அந்த இளைஞர் லூகா டி மோன்டெசெமோலோ. அவர் அணியை நடத்திய காலத்தில்தான், 1975-ல், நிக்கி லாடா சாம்பியன் ஆனார்.

கைமீறிய இரண்டு கதைகள்

இவ்வளவு கட்டுப்பாடு வைத்திருந்தவரிடமும் சில கதைகள் அடங்கவில்லை.

1976 ஆகஸ்ட் 1. ஜெர்மனியில் நிக்கி லாடாவின் ஃபெராரி தீப்பிடித்தது. உயிருக்குப் போராடியவர், 6 வாரத்தில் கட்டுப்போட்ட தலையோடு மோன்ட்சாவில் கார் ஓட்டினார். கடைசிப் பந்தயம் ஜப்பானின் ஃபுஜியில். கொட்டும் மழை. 2 சுற்றுகள் முடிந்ததும் இது பைத்தியக்காரத்தனம் என்று காரை நிறுத்தி இறங்கிவிட்டார் லாடா. எஞ்சின் கோளாறு என்று வெளியே சொல்லிவிடலாம் என ஃபோர்கியேரி முன்வந்தார். பந்தய உலகில் இது பழைய வழக்கம், வீரரின் மானத்தைக் காரின் மீது பழிபோட்டுக் காப்பாற்றுவது. லாடா மறுத்துவிட்டார். பயந்துதான் இறங்கினேன் என்ற உண்மையே வெளியே போகட்டும் என்றார். உலகப் பட்டம் 1 புள்ளியில் போனது. இத்தாலியப் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. 1977-ல் மீண்டும் சாம்பியன் ஆகிவிட்டு, வருடம் முடிவதற்குள் ஃபெராரியை விட்டே போனார்.

ஒரு வரி பொய் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். அதை வேண்டாம் என்றவரைத்தான் இன்று பந்தய உலகம் தைரியசாலி என்று நினைவில் வைத்திருக்கிறது.

1982 ஏப்ரலில் இமோலாவில் 2 ஃபெராரிகள் முன்னணியில். ஜில் வில்னேவ் முதலில், டிடியே பிரோனி அடுத்து. மெதுவாகப் போங்கள் என்று அணி போர்டு காட்டியது. அப்படியென்றால் இருக்கும் வரிசையிலேயே முடிக்க வேண்டும் என்று வில்னேவ் புரிந்துகொண்டார். பிரோனி கடைசிச் சுற்றில் முந்தி ஜெயித்துவிட்டார். அணி மேலாளர் மார்கோ பிச்சினினி முதலில் செய்தியாளர்களிடம் பேசியது பிரோனிக்குச் சாதகமாக அமைந்தது. வில்னேவ் கொதித்துப்போனார். பிறகு என்சோவே வில்னேவ் பக்கம் நின்று அறிக்கை விட்டார். ஆனால், முதலில் வெளியே போன வார்த்தை போனதுதான். பிரோனியோடு இனிப் பேச மாட்டேன் என்றிருந்த வில்னேவ், 13 நாள் கழித்து மே 8 அன்று பெல்ஜியத்தில் தகுதிச் சுற்றின்போது விபத்தில் இறந்தார். மகன் டினோவுக்குப் பிறகு என்சோ மனம் உடைந்து பார்த்த மரணம் அதுதான் என்பார்கள்.

பந்தயம் முடிந்த முதல் சில நிமிடங்களில் அணி என்ன சொல்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தச் சம்பவம் இன்றும் உதாரணம். இன்றைக்கு டிரைவர் மைக் முன்னால் போவதற்கு முன்பே பிரஸ் ஆபீசர் ஓடிப்போய் விவரம் சொல்வதும், அணியின் எல்லா வாய்களும் ஒரே மாதிரி பேசுகின்றனவா என்று பார்ப்பதும் சும்மா கிடையாது.

சொல்லப்படாத மகன்

இன்னொரு கதையை என்சோ மிக நீண்ட காலம் உள்ளேயே வைத்திருந்தார். 1945-ல் லினா லார்டி என்ற பெண்ணுடன் அவருக்கு பியெரோ என்ற மகன் பிறந்தார். அன்றைய இத்தாலியில் விவாகரத்துக்கே சட்டம் கிடையாது. லாரா உயிரோடு இருந்தவரை அந்த உறவு ஊரறிய ஒப்புக்கொள்ளப்படவில்லை. இறந்துபோன டினோவின் படம் அலுவலக அறையில் அப்பாவின் பார்வை படும் இடத்தில் தொங்கியது. உயிரோடு இருந்த பியெரோ அதே கம்பெனியில் லார்டி என்ற அம்மாவின் பெயரோடு வேலை பார்த்தார். 1978-ல் லாரா இறந்த பிறகுதான் ஃபெராரி என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 30-ஐத் தாண்டியிருந்தது.

பந்தயச் செய்தியில் எதைச் சொல்லாமல் விடுவது என்பது ஒரு திறமை. அதே திறமை வீட்டுக்குள் நுழைந்தபோது, ஒரு பையன் தன் அப்பாவின் பெயர் இல்லாமலே வளர்ந்தான். இன்று அந்தக் கம்பெனியின் துணைத் தலைவர் பியெரோ ஃபெராரிதான்.

கடைசி அறிவிப்பு

1988 ஜூனில் போப் இரண்டாம் ஜான் பால் மரனெல்லோ தொழிற்சாலைக்கு வந்தார். 30 வருடத்துக்கு முன் வாடிகன் நாளிதழ் சாட்டர்ன் என்று திட்டிய மனிதரின் வாசலுக்குப் போப்பே வந்திருக்கிறார். உலகமே எடுக்கத் துடித்த புகைப்படம் அது. ஆனால், 90 வயது என்சோவால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 14 அன்று என்சோ ஃபெராரி இறந்தார். இத்தாலியே விடுமுறையில் இருந்த நேரம். அவர் விருப்பப்படி, குடும்பத்தினர் மட்டும் கூடி அடக்கம் முடிந்த பிறகுதான் உலகத்துக்குச் செய்தி சொல்லப்பட்டது. கேமராக்களும் மைக்குகளும் மொடேனாவுக்கு வந்து சேர்ந்தபோது படம் எடுக்க எதுவும் மிச்சமில்லை. பிறந்த செய்தி பனியால் தாமதமானது. இறந்த செய்தியை அவரே தாமதப்படுத்தினார்.

அந்த வருடம் நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் அணி வாரிச் சுருட்டியது. மிச்சம் இருந்த ஒன்று, அவர் இறந்து 4 வாரத்தில் மோன்ட்சாவில் நடந்தது. கெர்ஹார்ட் பெர்கர் முதலிடம், மிகேலே அல்போரெத்தோ 2-ம் இடம், இருவருமே ஃபெராரி. இத்தாலியக் கூட்டம் கண்ணீரும் கம்பலையுமாக டிராக்குக்குள் இறங்கியது. செய்தியின் ருசி தெரிந்த என்சோவால்கூட இப்படி ஒரு முடிவைத் திட்டமிட்டிருக்க முடியாது.

அடுத்த முறை பந்தயம் முடிந்ததும் டிரைவருக்குப் பின்னால் ரெக்கார்டரோடு நிற்பவரைக் கவனியுங்கள். அவர் காப்பாற்றுவது ஒரு அணியின் பெயரை. சில நாட்களில் ஒரு குடும்பத்தின் துக்கத்தை. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற கோடு எங்கே இருக்கிறது என்பதை அவரும் தினமும் தேடிக்கொண்டிருப்பார். அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர் என்சோ ஃபெராரி.